ஊத்தான் மெலிந்தாங் ஆற்றோரத்துப் படகு வயர்மேன்

ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சபாக் பெர்ணம் வரைக்கும் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். படகில் கரண்டு கோளாறு வந்து, யாரிடம் கேட்டாலும் "பேட்டரியை மாத்து" என்கிற ஒரே பதில்தான் கிடைக்கிறது என்றால், காசை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் இந்த அண்ணனைப் போய்ப் பாருங்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆற்றோரச் சாலையில் லோரி பேட்டரிகள் வாசல்வரை அடுக்கியிருக்கும் கடைவீடு அவருடையது. "படகு வயர் பாக்கிற அண்ணன்" என்று எந்த ஒட்டுக்கடையில் கேட்டாலும் கைகாட்டுவார்கள்.

என் படகு 21 அடி, 60 குதிரை ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். தோட்டத்தில் 19 வருஷம் பழ லோரி ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கினேன், பழைய படகுதான். சனி, ஞாயிறுகளில் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தூண்டில்காரர்கள் வருவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு பெர்ணம் ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரைக்கும் போய் வருவேன். திங்கள் முதல் வெள்ளி வரை படகு ஜெட்டியில் கட்டிக் கிடக்கும்.

தொல்லை தீபாவளி கழிந்து தொடங்கியது. ஞாயிறு சாயங்காலம் நல்ல கதியில் கட்டிவிட்டுப் போன படகு, வியாழக்கிழமை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு சரி. அதைவிடப் புரியாத ஒன்று ராத்திரி நேரத்தில் நடந்தது. பாதை விளக்கை, அதாவது மற்ற படகுகளுக்கு நம் படகைக் காட்டும் விளக்கை, மட்டும் போட்டால் ஒன்றும் ஆகாது. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ்ஃபைண்டரை மட்டும் போட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் எரியும்போது, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு ஓடத் தொடங்கினால் ஃபிஷ்ஃபைண்டர் செத்துப்போகும், பம்பு நின்றதும் தானாக உயிர் வரும். இதற்கெல்லாம் மேலே, தளத்து விளக்கைப் போட்டவுடன் பெட்ரோல் முள் இடம் மாறும். கால் டேங்க் காட்டிக்கொண்டிருந்த முள் அரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். விளக்குக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?

வேறொரு ஊரில் ஒரு பட்டறையில் முதலில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது என்றார்கள், 340 வெள்ளிக்குப் புதுசு போட்டேன். நான்கு நாள் தாங்கியது. அடுத்து இன்ஜினில் சார்ஜ் ஆகவில்லை, இன்ஜின் தரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் போய்விட்டது என்றார்கள். அதற்கு 780 வெள்ளி. அதற்குப் பிறகும் அடுத்த வியாழக்கிழமை அதே 'டிக்'. மூன்றாவது முறை போனபோது ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அந்த இடத்தில் ஒருவர் கையிலும் வோல்ட் அளக்கும் மீட்டரை நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது அதைக் கேட்கத் தெரியாது. இப்போது தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

பெட்ரோல் முள்ளை நம்பி ஒரு சனிக்கிழமை ராத்திரி முகத்துவாரத்தில் நின்றுவிட்டேன். படகில் மூன்று பேர், அதில் ஒரு பையனுக்கு 12 வயது. வற்று நீர் கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டும் சேற்றில் பிடிக்காமல் இழுபட்டது. வலை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சீன மீனவர் பார்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே இந்த அண்ணனைத் தேடிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை பாதி திறந்திருந்தது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மீன் பிடிக்கிற ஆட்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தார். அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் புதுசு. எந்த மாசத்திலிருந்து? அதற்கு முன்னால் படகில் புதுசாக என்ன மாட்டினாய்? பம்பு தானாக ஓடுமா, சுவிட்ச் போட்டால் ஓடுமா? முள் ஏறுவது விளக்கைப் போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா? கடைசியில், "உங்கப்பா பால்வெட்டு மண்டோர்தானே? ஜெட்டியில எத்தனை மணிக்கு ஏத்தம்?" என்றார். எங்கள் ஜெட்டியில் நீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், வேலை செய்ய முடியாது. அதை நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் தம்பி. பேட்டரிய சார்ஜ் போட்டு வைக்காத. எப்படிக் கெட்டுக் கெடக்கோ அப்படியே இருக்கட்டும்."

வியாழக்கிழமை காலை வந்தார். இவர் 20 வருஷத்துக்கு மேல் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருந்தவர். ஆலை என்றால் நம் ஆட்களுக்குத் தெரியும், பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, அதில் டர்பைன் ஓட்டி, தன் கரண்டைத் தானே செய்துகொள்ளும். வெட்டிய குலை ஒரு நாளைத் தாண்டினால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் நடுராத்திரியில் ஒரு மோட்டார் நின்றால், காரணத்தை அப்போதே கண்டுபிடித்தாக வேண்டும். ஊகத்தில் ஒரு மோட்டாரைக் கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்க்க அங்கே நேரம் கிடையாது. அந்தப் பழக்கத்தை அப்படியே படகுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

முதல் அரைமணி நேரம் ஒரு ஸ்குரூகூடக் கழற்றவில்லை. பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தார், 12.1 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.7 பக்கம் காட்டவேண்டும், 12.2 என்றால் பாதி காலி. ஆக என் மூன்று மாதப் பேட்டரி பாதிக்கும் கீழே. வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் வயர் போட்டு இன்ஜினைக் கிளப்பி, மறுபடி அளந்தார். 14.3 ஏறியது. "சார்ஜ் நல்லா ஏறுது. பழைய ரெக்டிஃபையர் எங்க?" என்றார். வீட்டில் கிடந்ததை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் மாட்டிப் பார்த்தார், அதுவும் 14.3. அந்த 780 வெள்ளி எனக்குப் போனது போனதுதான், ஆனால் நல்ல பொருள் ஒன்று கையிருப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துச் சேர்த்தார். "இப்படி வச்சிருக்கும்போது சாவியத் திருப்பிடாத, மீட்டர் போயிடும்." எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, மீட்டர் 0.45 காட்டியது. படகு தூங்கும்போதும் எதுவோ குடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டி மூடியில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 0.45 ஆம்பியர், 24 மணி நேரம், ஒரு நாளைக்கு 10.8 ஆம்பியர்-மணி. என் பேட்டரி 70 ஆம்பியர்-மணி. பாதி போனால் இன்ஜினைத் தூக்கத் திணறும். 35-ஐ 10.8-ஆல் வகுத்தால் மூன்று நாளைக்குக் கொஞ்சம் மேலே. ஞாயிறு கட்டினால் வியாழக்கிழமை 'டிக்' ஏன் என்பதற்கு அந்தப் பெட்டி மூடியே பதில் சொல்லிவிட்டது. இதற்குத்தான் நான் 1,120 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினார். எதை உருவினாலும் 0.45 அசையவில்லை. ஆக, கசிவு ஃபியூஸ் பலகைக்கு வெளியே. பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்ச் நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது. ஆள் இல்லாதபோதும் பம்பு ஓடவேண்டும் என்பதால் அது சரியான முறைதான். ஆனால் அந்த வயரில் ஃபியூஸே இல்லை. வயரைப் பிரித்ததும் மீட்டர் 0.01-க்கு விழுந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து, அடித்தண்ணீரைக் காட்டினார். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இரண்டு இணைப்புகள் உப்புத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன. வயரைத் திரும்பவும் பேட்டரியில் தொட்டார். ஒரு இணைப்பிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள் கிளம்பின, சோடா பாட்டில் திறந்த மாதிரி. மறுபடி எடுத்தார், நின்றது. பம்பு ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, தண்ணீர் வழியாகவே பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்குக் கரண்டு போய்க்கொண்டிருந்தது. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு பச்சைப் பசையாகி, நாலைந்து இழைதான் மிச்சம். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அதுவும் அறுந்து, மழையில் பம்பு ஓடாமல் படகே ஜெட்டியில் மூழ்கியிருக்கும்.

இதோடு நீர் வற்றத் தொடங்கிவிட்டது. மிச்சம் மறுநாள்.

இரண்டாம் நாள் வேலைதான் எனக்குப் பெரிய பாடம். ஸ்டியரிங் பக்கத்துப் பலகையில் நான் முன்னாலேயே என் சின்ன மீட்டரை வைத்துப் பார்த்திருந்தேன், 12.5 காட்டியது. அங்கே வயர் நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அண்ணன் சொன்னார், டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்டக் கரண்டே இழுக்காது, அதனால் ஒரு முடி அளவு செம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் 12-க்கு மேல் காட்டிவிடும். வேலை கொடுத்துப் பார்த்தால்தான் வயரின் யோக்கியதை தெரியும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தார், இன்னொன்றைப் பலகையின் நெகட்டிவ் பட்டையில் வைத்தார். இரண்டும் நெகட்டிவ், நல்ல வயராக இருந்தால் நடுவில் ஒன்றும் காட்டக்கூடாது. "இப்ப ஒவ்வொண்ணாப் போடு" என்றார். பாதை விளக்கு, ஃபிஷ்ஃபைண்டர், ரேடியோ, தளத்து விளக்கு, பம்பு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் எண் ஏறிக்கொண்டே போய் 2.8-ல் நின்றது. 12 ஆம்பியர் ஓடும்போது, திரும்பிப் போகிற கறுப்பு வயரிலேயே 2.8 வோல்ட் தொலைந்துபோகிறது. பாதை விளக்குக்கும் ஃபிஷ்ஃபைண்டர் போன்ற கருவிகளுக்கும் போய்வரும் வயரில் இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கப் படகு மன்றத்தின் தரவிதி. 12 வோல்ட்டுக்கு அது 0.36. ஃபிஷ்ஃபைண்டருக்கு மிஞ்சியது 9.5 வோல்ட், அதனால் செத்துப்போனது. பம்பு நின்றதும் வோல்ட் ஏறும், உயிர் வரும்.

பெட்ரோல் முள்? டேங்கில் இருக்கும் சென்சாரின் நெகட்டிவ் நேராகப் பேட்டரிக்குப் போகிறது, முள் இருக்கும் பெட்ரோல் மீட்டரின் நெகட்டிவ் பலகையில் இருக்கிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் முள் சரியாகக் காட்டும். விளக்கைப் போட்டதும் பலகை நெகட்டிவ் மட்டும் ஒன்றிரண்டு வோல்ட் உயர்ந்துவிடுகிறது. தராசின் ஒரு தட்டுக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டு எடை பார்க்கிற மாதிரி. இல்லாத பெட்ரோலைக் காட்டி என்னை முகத்துவாரத்தில் நிறுத்தியது இதுதான்.

அண்ணனின் முகம் மாறியது அதற்குப் பிறகு. "இவ்வளவு கரண்டு எந்த வழியா வீடு திரும்புது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, இன்ஜினிலிருந்து வரும் வயர் கட்டைப் பிரித்தார். மடை அடைபட்டால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் பாய்வதில்லையா, அதேபோல மீட்டர்களுக்காகப் போட்டிருந்த மெல்லிய கறுப்பு வயர் ஒன்றின் வழியாகத்தான் மொத்தக் கரண்டும் பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல்தோல் கருகிப் பழுப்பாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அது பெட்ரோல் குழாயை ஒட்டியே ஓடுகிறது. நான் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய கறுப்பு வயரை வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு கரிபோல் கறுத்திருந்தது. முனையில் மட்டும் இல்லை, இரண்டு அடி உள்ளே வரைக்கும். சாதாரணக் கார் வயர், உப்புக் காற்று இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போய்விடும். அண்ணன் வெள்ளீயம் பூசிய இழை வயர்தான் போடுவார், 10 சதுர மில்லிமீட்டர். முனைகளை உருக்கி ஒட்டும் சால்டர் அடிக்கவில்லை. சால்டர் இறங்கிய இடம் விறைத்துப்போய், இன்ஜின் அதிர்வில் அதன் ஓரத்தில் முறியும் என்றார். பல் வைத்த நசுக்கிக் கருவியால் வயர் முனையில் மாட்டும் உலோக லக்கை நசுக்கி, உள்ளே பசை இருக்கும் சுருங்கு குழாயைச் சூடேற்றி மூடினார். பம்பு வயரின் இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்குத் தூக்கினார், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட்டார். முடித்துவிட்டு மறுபடி அதே சோதனை, எல்லாவற்றையும் போட்டு. 2.8 இருந்த இடத்தில் 0.1. பெட்ரோல் முள்ளை நானே பார்த்துக்கொண்டு விளக்கைப் பத்துத் தடவை போட்டுப் போட்டு அணைத்தேன். அசையவில்லை.

ரேடியோ இரைச்சலையும் சொன்னேன். அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் சில ராத்திரி வெறும் 'ஷ்ஷ்' தான் கேட்கும். ரேடியோவில் வெறும் இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சைக் குறைத்து வைத்துக்கொண்டு தளத்து விளக்கைப் போட்டு அணைத்தார், போட்டால் இரைச்சல், அணைத்தால் அமைதி. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய எல்இடி விளக்கு. மலிவான எல்இடி ரேடியோவைக் கெடுக்கும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-லேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. விளக்கை மாற்றிவிட்டேன்.

செலவு: கண்டுபிடித்ததற்கு 80, சாமான் 265, கூலி 180, மொத்தம் 525 வெள்ளி. வயரில் ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முழுப் படமும் வரைந்து கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகிலேயே வைத்திருக்கிறேன். மாற்றிய பழைய வயரையும் கேட்காமலே கையில் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. வேலையில் இருந்தால் போன் எடுக்கமாட்டார், சாயங்காலம் ஏழுக்கு மேல்தான் திரும்பக் கூப்பிடுவார். அவசரப்படுத்தினால் "வேற ஆளப் பாரு தம்பி" என்று நேராகச் சொல்லிவிடுவார், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது கடுமையாகப் படும். தைப்பூசம் ஒட்டி ஒரு வாரம் கடை அடைப்பு. ரேடியோ, ஃபிஷ்ஃபைண்டர் உள்பக்கத்தைத் திறக்கமாட்டார், தெலுக் இந்தானுக்குக் கொண்டுபோகச் சொல்வார். என் படகிலும் ஒன்று விட்டுப்போனார்: ஹாரன் வயருக்குக் கிளிப் அடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஃபைபர் விளிம்பில் உரசித் தோல் தேய்ந்திருந்தது. காட்டியதும், "என் தப்பு" என்று சொல்லி, அன்றைக்கே ஜெட்டிக்கு வந்து மாற்றினார், காசு வாங்கவில்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் எல்லா வயரையும் நீங்களே ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. அதே பேட்டரிதான் ஓடுகிறது. போன வாரம் மழை விடாமல் பெய்ததில் தூண்டில்காரர்கள் வரவில்லை, படகு ஒன்பது நாள் கட்டிக் கிடந்தது. பத்தாம் நாள் மீட்டர் வைத்தேன், 12.6. சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

போகிறவர்கள் ஜெட்டியில் நீர் ஏறும் நேரத்தை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். அண்மையில் என்னென்ன மாட்டினீர்கள், எதைப் போட்டால் எது கெடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கார்டு கிடையாது, ரொக்கம்தான். கடையில் உட்கார நாற்காலி இல்லை. பக்கத்து ஒட்டுக்கடையில் கோப்பி நன்றாக இருக்கும், அங்கே காத்திருக்கலாம்.